நான்கு சக்கரமும் தரையில்! நின்றுபோன காரைக் கட்டி இழுக்கலாமா?

கம்ப்யூட்டர் இதழில் கார் எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று ஷோரூமிலிருந்து வெளியே வரும் கார், சக்கரம் வைத்த ஒரு நெட்வொர்க். இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியர்பாக்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று பல கன்ட்ரோல் யூனிட்கள் உள்ளே ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அந்தக் கார் வழியில் நின்றுவிட்டால் மட்டும், அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ரிப்பேர், லட்சத்தைத் தாண்டியது. உங்களுக்கும் அப்படி நேராமல் இருக்க இந்தக் கட்டுரை உதவும்.

அன்று நடந்தது

எங்கள் வீடு ஏனாத்தூரில். பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களின் லேப்டாப், பிரிண்டர் ரிப்பேர்தான் என் தொழில். வீட்டில் அப்பா காலத்துத் தறி ஒன்று இன்னும் ஓடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். சிவிடி என்ற வகை கியர்பாக்ஸ் கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னையில் உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். சுங்குவார்சத்திரம் தாண்டிச் சிறிது தூரத்தில் இன்ஜின் அணைந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. விளக்கு எரிந்தது, ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு இன்னும் சுமார் 15 கிலோமீட்டர். பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் தடிமனான நைலான் கயிறு.

"ஆட்டோமேட்டிக் வண்டியாச்சே தம்பி, இழுக்கலாமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். நான் தயங்கவே இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் வீடியோ கால் செய்திருந்தான். அவர்கள் விடுமுறைக்குப் போன கேம்ப்பில், வீடு போன்ற ஒரு பெரிய வேன். அதன் பின்னால் ஒரு காரைக் கம்பியால் பூட்டி, நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்து வந்திருந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அப்படியே வந்ததாம். அதைப் பார்த்த நினைவில், "அண்ணா, அமெரிக்காவுல ஆயிரம் கிலோமீட்டர் இழுக்கிறாங்க. நமக்குப் பதினஞ்சுதானே? நியூட்ரல்ல போட்டா போதும்" என்றேன்.

நியூட்ரலில் போட்டேன். 50, 55 கிலோமீட்டர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். பெட்ரோல் பம்புக்குப் போகும் ரிலே கெட்டிருந்தது. அதை மாற்றியதும் இன்ஜின் பிடித்தது. ஆனால் கார் நகரும்போது ஒரு ஊளைச் சத்தம், ஓர் உதறல். கியர்பாக்ஸைப் பிரித்தபோது உள்ளே இருந்த ஸ்டீல் பெல்ட்டும் அது ஓடும் புல்லிகளும் கீறல் விழுந்து கிடந்தன. ரிப்பேர் செய்ய வழியில்லை, முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பில் 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதில் போனது.

நான் மச்சானின் வீடியோவில் பார்த்தது பொய்யல்ல. ஆனால் நான் பார்க்காதது நிறைய இருந்தது.

அமெரிக்காவில் எப்படி இழுக்கிறார்கள்?

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வேன் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும் இத்தகைய வீட்டு வேனில் மாதக் கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. ஒரு பஸ் அளவு இருப்பதால் கேம்ப்பில் நிறுத்திவிட்டு, பால் பாக்கெட் வாங்க அதையே ஓட்டிச் செல்ல முடியாது. அதற்காகத்தான் பின்னால் ஒரு சிறிய காரையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இழுப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. காரை முழுவதுமாக ஒரு டிரெய்லரில் ஏற்றிவிடுவது முதல் வழி. முன் சக்கரங்களை மட்டும் டாலி என்ற இரு சக்கர வண்டியில் ஏற்றிப் பின் சக்கரங்களை உருள விடுவது இரண்டாவது. நான்கு சக்கரங்களும் ரோட்டிலேயே உருள இழுப்பது மூன்றாவது. இதை ஃபிளாட் டோயிங் என்கிறார்கள். டிரெய்லரும் டாலியும் தேவையில்லை என்பதால் கேம்ப்பில் பூட்டவும் கழற்றவும் இதுதான் எளிது.

ஆனால் இதற்கு அவர்கள் கயிறு கட்டுவதில்லை. செய்யும் ஏற்பாடுகளைப் பாருங்கள்.

1. காரின் முன்பக்கச் சட்டத்தில் ஓர் இரும்புத் தகட்டை நிரந்தரமாகப் பொருத்துகிறார்கள். 'ஏ' வடிவ இரும்புக் கம்பி ஒன்று அதையும் மோட்டார்ஹோமையும் இணைக்கிறது. கம்பி விட்டுப்போனாலும் கார் தனியே ஓடிவிடாமல் இருக்கப் பாதுகாப்புச் சங்கிலிகளும் உண்டு.

2. காரின் பிரேக்கை மோட்டார்ஹோமின் பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்ய வைக்க ஒரு தனிக் கருவி. ஒரு வகைக் கருவி டிரைவர் சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பிரேக் பெடலைத் தானே அழுத்தும். கார் கழன்றுவிட்டால் ஒரு மெல்லிய கேபிள் இழுபட்டு, பிரேக் உடனே பிடித்துக்கொள்ளும்.

3. பின் விளக்குகளுக்குத் தனி ஒயரிங். மோட்டார்ஹோமிலிருந்து வரும் கரன்ட் காரின் எலக்ட்ரானிக்ஸுக்குள் திரும்பிப் போகாமல் தடுக்க நடுவில் டயோடுகள் வைக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த வாசகர்களுக்கு இது உடனே புரியும். டயோடு ஒரு வழிப்பாதை.

4. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை ஏசிசி நிலையில் வைக்க வேண்டிய கார்களில், பேட்டரி காலியாகிவிடும். அதற்காகக் கையேடு சொல்லும் ஃபியூஸைக் கழற்றுகிறார்கள். அல்லது மோட்டார்ஹோமிலிருந்து காருக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு லைன் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் இந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பின்னால் தள்ளும்போது காரின் முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுவதும் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். வழி தவறினால் காரைக் கழற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அவர்கள் காரை வாங்கும் முன்பே, அந்த மாடலை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அனுமதி இல்லாத கார்களே அதிகம். ஹோண்டா சிஆர்வி நல்ல உதாரணம். அமெரிக்காவில் 2014 மாடல் வரை இப்படி இழுப்பவர்களுக்கு அது பிடித்த கார். 2015 மாடலில் அதற்குச் சிவிடி கியர்பாக்ஸ் வந்தது. அத்தோடு அந்த அனுமதியும் போய்விட்டது. அதே பெயர், கிட்டத்தட்ட அதே தோற்றம். உள்ளே இருக்கும் ஒரு பெட்டி மாறியதும் விதியே மாறிவிட்டது.

நியூட்ரல் என்றால் என்ன?

நான் செய்த தவறு இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நியூட்ரல் என்றால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மட்டுமே நினைத்திருந்தேன். அது சரிதான். ஆனால் தொடர்பு எந்த இடத்தில் துண்டிக்கப்படுகிறது என்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் தறி வேலைக்கு நூல்கண்டு எப்போதும் இருக்கும். அதைச் சுற்றிவிட யாரும் தேவையில்லை. நூல் முனையைப் பிடித்து இழுத்தால் கண்டு தானாகச் சுழலும். கார் சக்கரமும் அப்படித்தான். ரோட்டில் உருளும் சக்கரம் தன்னோடு இணைந்த ஆக்சிலைச் சுழற்றும். ஆக்சில் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பாகங்களைச் சுழற்றும். எதுவரை? நியூட்ரல் என்ற துண்டிப்பு இருக்கும் இடம் வரை. அந்த இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவை அனைத்தும், இன்ஜின் அணைந்திருந்தாலும் சுழன்றுகொண்டே இருக்கும்.

சுழலும் இரும்புக்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயை யார் கொடுப்பது? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயை அனுப்பும் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். காரை இழுக்கும்போது ஒரு பக்கம் பாகங்கள் சுழல்கின்றன, மறுபக்கம் எண்ணெய் வரத்து இல்லை. ஃபேன் ஓடாத கம்ப்யூட்டரில் பிராசஸரை முழு வேகத்தில் ஓட விடுவதைப் போன்றது இது. ஆனால் கம்ப்யூட்டர் சூடானால் தானே அணைந்துகொள்ளும். கியர்பாக்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது சத்தமில்லாமல் தேயும்.

எந்த கியர்பாக்ஸுக்கு என்ன ஆகும்?

உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மேனுவல்: கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் வகை. இதில் தனிப் பம்ப் பெரும்பாலும் இருக்காது. பல் சக்கரங்கள் எண்ணெயில் பாதி மூழ்கியிருக்கும். சுழலும்போது அவையே எண்ணெயை வாரித் தெளிக்கும். முன் சக்கரங்களால் ஓடும் சிறிய கார்களில், ஆக்சிலோடு இணைந்த பெரிய பல் சக்கரம் இழுக்கும்போதும் சுழல்வதால் எண்ணெய் ஓரளவு தெறித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வகைக் காரை நியூட்ரலில் வைத்து, மெதுவாக, சிறிது தூரம் இழுக்கப் பல கையேடுகள் அனுமதிக்கின்றன. அம்பாசடர் காலத்துப் பழக்கம் பலித்ததற்கும் மேனுவல் கியர்பாக்ஸ்தான் காரணம்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்: வழக்கமான ஆட்டோமேட்டிக் இதுதான். மேலே சொன்ன பம்ப் பிரச்சினை முழுமையாக இதற்குப் பொருந்தும். சில கையேடுகள் குறைந்த வேகத்தில், குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் என்று எல்லை போட்டு அனுமதிக்கின்றன. பல கையேடுகள் அதையும் அனுமதிப்பதில்லை.

சிவிடி: என் கார் இந்த வகை. பல் சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு புல்லிகளும் நடுவில் ஒரு ஸ்டீல் பெல்ட்டும் இருக்கும். எண்ணெய் அழுத்தம்தான் புல்லிகளை நெருக்கி, பெல்ட்டை நழுவாமல் பிடித்து வைக்கிறது. நியூட்ரலில் துண்டிப்பு ஏற்படுவது இன்ஜினுக்கும் முதல் புல்லிக்கும் நடுவில். ஆகவே இழுக்கும்போது இரண்டு புல்லிகளும் பெல்ட்டும் சேர்ந்து சுற்றும். பிடிப்பதற்கு அழுத்தம் இல்லை, குளிர்விக்க எண்ணெய் இல்லை. பெல்ட் நழுவி, கண்ணாடி போன்ற புல்லிப் பரப்பில் கீறல் போடும். என் கியர்பாக்ஸில் 15 கிலோமீட்டரில் நடந்தது இதுதான்.

ஏஎம்டி: இந்தியாவில் 2014-ல் மாருதி செலரியோ மூலம் பரவலான வகை. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கையும் காலும் செய்யும் வேலையை ஒரு கம்ப்யூட்டரும் சிறிய இயந்திரக் கைகளும் செய்கின்றன. எனவே எண்ணெய்ப் பிரச்சினை குறைவு. ஆனால் கியர் விழுந்த நிலையில் பேட்டரி செத்துவிட்டால், லீவரை 'என்' என்ற எழுத்துக்கு நகர்த்தினாலும் உள்ளே கியர் விலகாது. லீவர் கட்டளை கொடுக்கும், நிறைவேற்றக் கரன்ட் இருக்காது. கீபோர்டைத் தட்டுகிறோம், கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது என்பதைப் போல.

நான்கு சக்கர இயக்கம்: நான்கு சக்கரங்களும் எப்போதும் இணைந்த வண்டிகளில் இரண்டை மட்டும் தூக்கி இழுத்தால், நடுவில் உள்ள இணைப்பு சூடாகிக் கெடும். இவற்றை முழுவதும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். விதிவிலக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற தனிப் பெட்டியில் நியூட்ரல் உள்ள ஜீப் வகைகள். அமெரிக்காவில் ஜீப் ராங்ளரை மோட்டார்ஹோமுக்குப் பின்னால் அதிகம் பார்ப்பதற்கு இதுவே காரணம். அந்தத் தனி நியூட்ரலைப் போட்டால், சக்கரத்தின் சுழற்சி கியர்பாக்ஸுக்கே வராமல் வழியிலேயே நின்றுவிடும். நம் ஊரில் 2020-ல் வந்த மஹிந்திரா தார் 4x4 மாடலிலும் இப்படி ஒரு நியூட்ரல் உண்டு. இருந்தாலும் அதன் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் இறுதி.

எலக்ட்ரிக் கார் என்றால்?

இங்கு விஷயம் வேறு. பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில் கிளட்ச் இல்லை. மோட்டார் எப்போதும் சக்கரத்தோடு இணைந்தே இருக்கிறது. திரையில் 'என்' என்று தெரிந்தாலும் எந்த பல் சக்கரமும் விலகுவதில்லை. மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்காதே என்று சாஃப்ட்வேர் சொல்கிறது, அவ்வளவுதான்.

சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். நிரந்தரக் காந்தம் வைத்த கார் மோட்டாரும் அப்படியே. வெளியிலிருந்து சக்கரத்தைச் சுற்றினால் அது ஜெனரேட்டராக மாறிவிடும். வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும். காரின் கம்ப்யூட்டர் விழித்திருந்து அதைக் கட்டுப்படுத்தாவிட்டால், அந்த மின்சாரம் இன்வெர்ட்டர் போன்ற விலை உயர்ந்த பாகங்களுக்குள் பாயும். மோட்டாரும் சூடாகும். அதனால்தான் டெஸ்லாவின் கையேடு, சக்கரம் உருளும் நிலையில் காரைக் கொண்டுபோகவே கூடாது என்கிறது. லாரியில் ஏற்றுவதற்காகச் சில மீட்டர் மெதுவாக உருட்ட மட்டும் ஒரு தனி மோட் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் எலக்ட்ரிக் கார் இருந்தால் ஒரே விதிதான். கயிற்றை மறந்துவிடுங்கள், தட்டையான தளம் உள்ள லாரியை அழையுங்கள்.

சாவி, ஸ்டியரிங், பிரேக்

கியர்பாக்ஸ் தப்பித்தாலும் உயிருக்கு ஆபத்தான மூன்று விஷயங்கள் உள்ளன.

ஸ்டியரிங் லாக்: சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இழுக்கும்போது சாவி உள்ளே, ஆஃப் தவிர்த்த நிலையில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பேட்டரி செத்தால், எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக் திறக்காமலே போகலாம். அந்தக் காரைக் கயிற்றில் இழுக்க நினைக்கவே கூடாது.

பிரேக்: இன்ஜின் நின்ற பிறகு பிரேக்குக்கு உதவும் வேக்வம், இரண்டு மூன்று முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். பின்னர் பெடல் கல்லைப் போல் இருக்கும். பிரேக் வேலை செய்யும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அன்று ராஜகுளம் பக்கம் அண்ணன் திடீரென வேகம் குறைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவருடைய வண்டிக்கும் என் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். பின் சீட்டில் மனைவியும் மகளும் இருந்தார்கள். கியர்பாக்ஸ் போனதைவிட, இழுபடும் காரில் அவர்களை உட்கார வைத்ததுதான் என் பெரிய தவறு என்று இன்று நினைக்கிறேன்.

பார்க்கிங் பிரேக்: கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடலாம். பட்டன் மூலம் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் விடுபடக் கரன்ட் தேவை. பேட்டரி இல்லை என்றால் பின் சக்கரங்கள் பிடித்தபடியே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில், நன்றாக ஓடும் காரை வசதிக்காக இன்னொரு வண்டியின் பின்னால் இழுத்துச் செல்ல இடமில்லை. 1989-ம் ஆண்டின் சாலை விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்லின. பழுதாகி நின்ற வண்டி, முழுமையாகக் கட்டப்படாத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார் ஆகியவற்றை மட்டுமே இழுக்கலாம். அதுவும் டெலிவரிக்காக அல்லது பக்கத்து கராஜ், பெட்ரோல் பங்க் வரைதான். இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன் சக்கரங்களை கிரேன் மூலம் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பின்னால் 'ஆன் டோ' என்ற அறிவிப்பை, வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் வைக்க வேண்டும். வேகம் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

2017-ல் அந்த விதிகளின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. ஆனால் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. பழுதான வண்டியை, பக்கத்தில் உள்ள இடம் வரை, மெதுவாக இழுக்கலாம். நான் சென்ற வேகம் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, வீட்டு வேனில் ஊர் சுற்றும் ஆசை நம் பக்கமும் வந்திருக்கிறது. அந்த ஆசை உள்ளவர்கள், பின்னால் காரையும் கட்டிக்கொண்டு போகலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான மோட்டார் பாலிசியில், இயந்திரக் கோளாறும் அதைத் தொடர்ந்து வரும் சேதமும் சேராது. என் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பாலிசியின் அச்சடித்த பக்கங்களைப் படித்தபோது அது அங்கேயே எழுதியிருந்தது. என்னிடம் புளூடூத் மூலம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி உண்டு. அதைப் பொருத்திப் பார்த்தேன். இழுத்த நேரத்தைப் பற்றி ஒரு எரர் கோடும் இல்லை. சாவி ஏசிசி நிலையில் இருந்ததால் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் அப்போது விழித்திருக்கவில்லை. எரர் மெசேஜ் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று பொருளல்ல என்று என் கடைக்கு வருபவர்களுக்கு நானே சொல்வதுண்டு. என் கார் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

வழியில் கார் நின்றால் என்ன செய்வது?

1. காரை முடிந்தவரை ரோட்டின் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஹசார்டு விளக்குகளைப் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். காரில் இருப்பவர்களை இறக்கி, ரோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள்.

2. கையேட்டை எடுத்து டோயிங் பகுதியைப் பாருங்கள். இரவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். இன்சூரன்ஸுடன் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணையும் சேமித்து வையுங்கள்.

4. டோயிங் வண்டியை அழைக்கும்போது, "ஆட்டோமேட்டிக் கார், ஃபிளாட் பெட் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கொக்கி போட்டுத் தூக்கும் வண்டியை அனுப்பக் கூடும். முன் சக்கரங்களால் ஓடும் காரில் முன்பக்கத்தைத் தூக்கினால் பிழைக்கலாம், பின்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்.

5. லீவர் பார்க்கிங்கில் சிக்கிக்கொண்டால், பல கார்களில் லீவர் அருகே ஒரு சிறிய மூடியும் அதன் உள்ளே லாக்கை விடுவிக்கும் துளையும் இருக்கும். எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

6. மேனுவல் கார்தான், கையேடும் அனுமதிக்கிறது என்றால் மட்டும் இழுக்கலாம். டூல் கிட்டில் உள்ள கொக்கியை பம்பரில் உள்ள மூடியைத் திறந்து முழுவதும் முறுக்குங்கள். சில கார்களில் இது இடப்பக்கமாகத் திருகும் மரை. ஆக்சிலிலோ சஸ்பென்ஷனிலோ கயிறு கட்ட வேண்டாம். கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும்படி பின்னால் உள்ளவர் மெதுவாக பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் செல்லுங்கள். பயணிகள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

7. பிரேக் அல்லது ஸ்டியரிங் கெட்ட காரை எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றில் இழுக்காதீர்கள்.

எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலை போன்ற இடங்களிலிருந்து புதிய கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு நீளமான கேரியர் லாரிகள் போகும். அதில் ஒரு காரின் சக்கரம்கூட ரோட்டைத் தொடுவதில்லை. காரைச் செய்தவர்களே அதை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பல வருடங்களாகக் கண் எதிரில் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. ஒரு நிமிட வீடியோவை நம்பினேன்.

அன்று ஒரு ஃபிளாட் பெட் வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். அது அதிகம் என்று அப்போது தோன்றியது. இப்போது என் கார் கையேட்டின் டோயிங் பக்கம் மொபைலில் இருக்கிறது. மகளின் மொபைலிலும் இருக்கிறது, ஏனெனில் அவளும் இப்போது ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். இந்த இதழை மூடி வைக்கும் முன்பு நீங்களும் உங்கள் காரின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.